சதுப்பைச் சுற்றிப் போங்கள்: பழனி மலையில் ஜியோகேச்சிங்

மதுரையில் படிக்கும் நான்கு மாணவர்கள் கேட்டிருப்பது இது: "ஜனவரிக் கடைசியில் கொடைக்கானல் வருகிறோம். சோலைக்காட்டுச் சதுப்பு ஒன்றின் வழியே ஜியோகேச்சிங் செய்ய ஆசை. முடிந்தால் நாங்களும் ஒரு பெட்டியைச் சதுப்புக்குள் ஒளித்துவைத்துவிட்டு வர நினைக்கிறோம். என்னென்ன தெரிந்துகொள்ள வேண்டும்?"

ஒருவர் ஒளித்துவைத்த பெட்டியை ஜிபிஎஸ் கருவியின் துணையோடு மற்றவர்கள் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டுதான் ஜியோகேச்சிங். சுருக்கமான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். சதுப்பின் கரையோரமாகத் தேடுங்கள். சதுப்புக்குள் எதையும் ஒளித்துவைக்காதீர்கள். தேடுபவருக்கும் ஒளிப்பவருக்கும் இந்த மலையில் ஒரே விதிதான் என்பது என் எண்ணம்: கருவி காட்டும் நேர்கோட்டில் ஒருவரும் நடக்க நேரக்கூடாது. ஏன் என்பதை விளக்கச் சதுப்பைப் பற்றியும் கருவியைப் பற்றியும் சற்று நீளமாகவே பேச வேண்டியிருக்கிறது.

விளையாட்டின் பிறப்பு எல்லோருக்கும் தெரிந்திருக்காது என்பதால் அதை இரண்டு வரியில் முடிக்கிறேன். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் சமிக்ஞையில் பொதுமக்களின் கருவிகளுக்கென்றே கலந்துவைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. அதுவரை நூறு மீட்டர் வரை தடுமாறிக்கொண்டிருந்த கைக்கருவிகள் ஒரே இரவில் பத்து இருபது மீட்டருக்குள் இடத்தைச் சொல்லத் தொடங்கின. மே 3 அன்று டேவ் அல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு வாளியில் சில பொருள்களையும் ஒரு குறிப்பேட்டையும் வைத்து மறைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் அறிவித்தார். கண்டுபிடித்தவர் பெயரெழுதிவிட்டு, பொருள் ஏதாவது எடுத்தால் ஈடாக இன்னொன்றை வைத்து, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும் என்ற விதி அன்றிலிருந்து மாறவில்லை. இன்று உலகெங்கும் முப்பது லட்சத்துக்கு மேற்பட்ட பெட்டிகள் இருக்கின்றன. இதற்கு ஒரு மூதாதை உண்டு என்பதும், அந்த மூதாதை பிறந்த இடம் ஒரு சதுப்பு என்பதும் உங்களுக்கு மகிழ்ச்சி தரலாம். இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, 1854-இல், கிரான்மியர் பூல் எனப்படும் ஒதுக்குப்புறமான சதுப்பில் ஒரு புட்டியை வைத்து, அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர்ச் சீட்டை அதில் போட்டுச் செல்ல வழிசெய்தார். ஆனால் டார்ட்மூர் பெரும்பாலும் மரமில்லாத வெட்டவெளி. அங்கே காட்டுமாடும் இல்லை, அட்டைப்பூச்சி நிறைந்த சோலையும் இல்லை. அந்த ஊர்ப் பழக்கத்தை அப்படியே இங்கே இறக்கிவைக்க முடியாது.

இங்குள்ள சதுப்பு எப்படிப்பட்டது என்று பார்ப்போம். நீங்கள் படகு ஓட்டப்போகும் கொடைக்கானல் ஏரியே, மதுரை ஆட்சியராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் சதுப்பு நிலத்து ஓடையின் குறுக்கே கரை கட்டி உண்டாக்கியதுதான். பேரிஜம் ஏரி இருக்குமிடமும் அணை வருவதற்கு முன் ஒரு பெரிய சதுப்பாகத்தான் இருந்தது. மேல்மலையில் மேடுகளின் மீது புல்வெளியும், மடிப்புகளில் சோலையும், இரண்டும் சந்திக்கும் தாழ்ந்த இடங்களில் சதுப்பும் என்று நிலம் அமைந்திருக்கிறது. புல்வெளி மழையை உறிஞ்சிவைத்துக்கொண்டு மெல்லக் கசியவிடுகிறது. அந்தக் கசிவு பள்ளத்தில் தேங்குகிறது. குளிரும் நீரும் சேர்ந்திருக்கிற இடத்தில் செத்த செடி முழுதாக மக்குவதில்லை. காற்றுப் புகாத கறுப்புச் சேறாகப் படிந்துகொண்டே போகிறது. பீட் என்று சொல்லப்படும் இந்தக் கரிமண் ஒரு கைப்பிடி சேர்வதற்கே பல தலைமுறைகள் ஆகும். நீலகிரியில் எடுத்த இத்தகைய கரிமண்ணை ஆராய்ந்து, அதிலுள்ள கரிமத்தின் வகையைக் கொண்டு, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளில் அந்த மலையின் தட்பவெப்பமும் தாவரங்களும் எவ்வாறு மாறிவந்தன என்பதை ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993-இல் வெளியிட்டார்கள். அடுக்கு குலையாமல் இருந்ததால்தான் அதைப் படிக்க முடிந்தது. நான்கு பேர் ஒரு பெட்டியைத் தேடிக் குச்சியால் கிளறினால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது என் சொந்த முட்டாள்தனம் ஒன்று. பத்து ஆண்டுகளுக்கு முன்னர், மேல்மலைக் கிராமம் ஒன்றில் தனியார் நிலத்தின் ஓரமாக ஒருவர் வைத்திருந்த பெட்டியைத் தேடி நானும் என் மைத்துனரும் போனோம். (இங்கே ஒருவர் "காட்டுக்குப் போகிறேன்" என்றால் பாதி நேரம் பூண்டுக் காட்டுக்கோ உருளைக்கிழங்குக் காட்டுக்கோ போவதாகத்தான் பொருள். வழி கேட்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அதிலேயே ஒரு மணி நேரம் போயிற்று.) சோலையை விட்டு வெளியே வந்ததும் கருவி அறுபது மீட்டர் என்று காட்டியது. எதிரே விளையாட்டுத் திடல் போலப் பச்சைப் பசேலென்று ஒரு சமவெளி. அதற்கு அப்பால் ஒரு பாறை. பெட்டி அந்தப் பாறையில்தான் இருக்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நேரே நடந்தேன். ஏழாவது எட்டில் முழங்கால், எட்டாவதில் தொடை. பதறி இழுத்ததில் கால் வந்தது, காலணி வரவில்லை. அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பக்கம் விறகு கட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தம்பி, வழவழன்னு ஒரே பச்சையா இருந்தா மாடுகூடக் கால வைக்காது. மாட்டுத் தடம் எங்க போவுதோ அங்க போங்க" என்றார். மாட்டுத் தடம் சதுப்பின் மேல்விளிம்பை ஒட்டி அரைவட்டமாகச் சுற்றிப் போனது. இருபது நிமிடத்தில் பாறையை அடைந்தோம். பெட்டி இருந்தது, உள்ளே குறிப்பேடு ஊறிக் கஞ்சியாகியிருந்தது. இந்த மலையில் பெட்டி தேடுவது பற்றி எனக்குத் தெரிந்த முக்கியமான செய்தி முழுவதும் அந்தப் பெரியவர் சொன்ன இரண்டு வாக்கியங்களில் இருக்கிறது.

கருவியின் அம்பு ஏன் உங்களை ஏமாற்றுகிறது என்றால், அதற்கு நிலம் தெரியாது; இரண்டு புள்ளிகளுக்கு இடையிலுள்ள திசை மட்டும்தான் தெரியும். அந்தப் புள்ளியைக்கூடச் சோலைக்குள் அது தெளிவாக அறிவதில்லை. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கிலிருந்து சமிக்ஞை கிடைத்தால்தான் இடத்தைக் கணக்கிட முடியும். அந்தச் சமிக்ஞை மிக மெலிந்தது. சோலை மரங்கள் குட்டையானவை என்றாலும் அவற்றின் தலைகள் ஒன்றோடொன்று பின்னிக் கூரை போட்டிருக்கும். நனைந்த இலையும் பாசி படர்ந்த கிளையும் சமிக்ஞையை விழுங்கும், மலைச்சரிவு அதைத் திருப்பியடித்து வேறு தூரம் காட்டச் செய்யும். ஆகவே வெளியில் ஐந்து மீட்டர் பிழை காட்டிய அதே கைப்பேசி, சோலைக்குள் இருபது முப்பது மீட்டர் தள்ளிச் சொன்னால் வியக்காதீர்கள். என் வழக்கம் இது: சோலைக்குள் நுழைவதற்கு முன், வானம் திறந்திருக்கும் புல்வெளியில் ஐந்து நிமிடம் நின்று கருவி நிலைபெற விடுவேன். அங்கிருந்து பெட்டியின் திசையையும் தூரத்தையும் குறித்துக்கொண்டு, திசைகாட்டியையும் காலடிக் கணக்கையும் நம்பி உள்ளே போவேன். தென்னிந்தியாவில் காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால் திருத்தம் செய்யும் தொல்லையும் இல்லை. பத்துப் பதினைந்து மீட்டர் இருக்கும்போது கருவியைப் பையில் போட்டுவிடுங்கள். அதற்குமேல் கண்தான் தேடும்: கல்லின் மேல் பொருந்தாத இன்னொரு கல், இயற்கையாக விழாத சுள்ளிக் குவியல், வேர்ப் பொந்தில் நிழலுக்கு ஒவ்வாத ஒரு நிறம்.

எண்களை வாசிப்பதில் நேரும் பிழை ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் புதியவர்களில் பாதிப் பேர் இதில் விழுகிறார்கள். இந்த விளையாட்டில் இடத்தை டிகிரியும் தசம நிமிடமுமாக எழுதுவது மரபு. வடக்கு 10 டிகிரி 14.250 நிமிடம் என்று இருப்பதை, அவசரத்தில் 10.14250 டிகிரி என்று வரைபடத்தில் தட்டிவிடுவார்கள். சரியான மதிப்பு 10.2375. இரண்டுக்கும் இடையே பத்து கிலோமீட்டருக்கு மேல் வித்தியாசம். கொடைக்கானல் ஊருக்குள் இருக்க வேண்டிய புள்ளி மலையை விட்டு இறங்கிப் பெரியகுளத்துப் பக்கம் போய் நிற்கும். நிமிடத்தின் மூன்றாவது தசம இலக்கம் நிலத்தில் இரண்டு மீட்டருக்கும் குறைவானது என்பதையும் அறிந்திருங்கள். கடைசி இலக்கத்துக்காக இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு உளைக்குள் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

வரைபடத்தை விடுதியிலேயே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். சோலைக்குள் கைப்பேசிக் கோபுரத்தின் வீச்சு இருக்காது. இல்லாத கோபுரத்தைத் தேடித் தேடியே மின்கலம் தீர்ந்துவிடும். விமானப் பயன்முறையில் வைத்தாலும் பெரும்பாலான கைப்பேசிகளில் ஜிபிஎஸ் வேலை செய்யும். வெளிநாட்டு நண்பர் யாராவது செயற்கைக்கோள் வழியே குறுஞ்செய்தி அனுப்பும் கருவியை இரவல் தந்தால் வாங்காதீர்கள்: தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பது இந்தியாவில் குற்றம்.

சதுப்பைச் சுற்றிப் போனாலும் ஈரத்தில் கால் படாமல் இருக்காது. தோளுயரக் கழி ஒன்று ஆளுக்கொன்று வேண்டும். அதை முன்னால் ஊன்றிப் பார்த்துவிட்டே காலை எடுத்துவையுங்கள். குத்துக்குத்தாகப் புல் திட்டுகள் இருக்குமிடம் ஓரளவு தாங்கும். ஒரே மட்டமாகப் பாசி படர்ந்து பளபளக்கும் இடமும், நடந்தால் தரை மெத்தை போல அசையும் இடமும் தாங்காது. கால் புதைந்துவிட்டால் மற்றக் காலை ஊன்றி உன்னக் கூடாது, அதுவும் போய்விடும். கழியைக் குறுக்கே கிடத்தி அதன் மேல் உடல் எடையைச் சாய்த்து, புதைந்த காலை மெல்ல ஆட்டி ஆட்டிச் சேற்றுக்குள் காற்றும் நீரும் புக விட்டு இழுக்க வேண்டும். உயரமான ரப்பர் பூட்ஸ் நல்லது என்று பலர் சொல்வார்கள், எனக்கு உடன்பாடில்லை. உள்ளே நீர் புகுந்துவிட்டால் அது காலோடு கட்டிய குடம். நாடாவை இறுகக் கட்டக்கூடிய, நனைந்தால் வடியக்கூடிய காலணி போதும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம்: ஜனவரியில் இரவில் உறைபனி விழும் உயரத்தில், நனைந்த பருத்தித் துணியோடு மாலை வரை நடப்பது அட்டையைவிட ஆபத்தானது.

அட்டையைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து நீங்கள் வரும் மாதக் கடைசியில் அதன் தொல்லை குறைந்திருக்கும். ஆனால் சோலை ஈரத்தில் முற்றிலும் இல்லாமல் போகாது. காலுறைக்குள் கால்சட்டையைச் செருகி, மேலே புகையிலை ஊறிய நீரையோ உப்பையோ தடவிக்கொள்வது இங்குள்ளவர்களின் வழக்கம். கடித்துவிட்டால் நகத்தால் அதன் வாயோரத்தை நெம்பித் தள்ளுங்கள். தீக்குச்சியால் சுட வேண்டாம், பிய்த்து இழுக்கவும் வேண்டாம். இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் அதன் உமிழ்நீரில் இருப்பதால் வடுவிலிருந்து நெடுநேரம் கசியும். கழுவி அழுத்திப் பிடித்தால் போதும். செந்தட்டிச் செடி அப்படியன்று. பெட்டி தேடுகிறேன் என்று புதருக்குள் வெறுங்கையை விட்டால் அன்று முழுவதும் எரியும். பொந்துக்குள் கையை விடுவதற்கு முன் கழியால் தட்டுவது குழிவிரியனுக்காகவும்தான்.

உண்மையான ஆபத்து காட்டுமாடு. சதுப்பின் விளிம்புப் புல்லை மேய்வதற்குக் காலையிலும் மாலையிலும் அது வரும். மூடுபனியில் பத்தடியில் நின்றாலும் பாறை என்றே தோன்றும். ஆகவே மெல்லப் பேசிக்கொண்டே நடங்கள். எதிரே கண்டால் நின்று, முதுகைக் காட்டாமல் பின்வாங்குங்கள். கன்றுக்கும் தாய்க்கும் நடுவே போய்விடாதீர்கள். காலை ஒன்பதுக்குப் பிறகு தொடங்கி, பிற்பகல் மூன்றுக்குள் சாலைக்கு வந்துவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டால் பனிமூட்டத்தையும் மாட்டையும் ஒருங்கே தவிர்க்கலாம்.

அனுமதி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் முதலில் கேட்டிருக்க வேண்டியது. 2013 முதல் இங்கே 600 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பு கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதற்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். ஒரு பொருளை மறைத்துவைத்துவிட்டு வருவதை எந்த வனக்காப்பாளரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார். 2018 மார்ச்சில் போடிக்கு அருகே குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறச் சென்ற இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தபின் விதிகள் மேலும் இறுகின. கோடையில் தீக்காலத்தில் பாதைகளை மூடிவிடுவது வழக்கம். ஆனால் வழியே இல்லை என்றும் எண்ண வேண்டாம். 2024 அக்டோபரில் தொடங்கிய அரசின் மலையேற்றத் திட்டத்தில் மாநிலம் முழுவதும் 40 பாதைகள் திறக்கப்பட்டன. இணையத்தில் பதிவுசெய்து, உள்ளூர் வழிகாட்டியோடு போகலாம். அந்த வழிகாட்டியிடம் "நாங்கள் பெட்டி தேடுபவர்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பேரிஜத்துக்கு வனத்துறையின் அனுமதிச்சீட்டு தனி. வண்டியில் வருவதானால் கொடைக்கானலுக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி ஒளித்துவைப்பது. விளையாட்டின் சொந்த விதிகளே உங்களுக்கு எதிராக இருக்கின்றன: நில உரிமையாளரின் இசைவு வேண்டும், பெட்டியைப் புதைக்கக் கூடாது, ஒரு பெட்டிக்கும் இன்னொன்றுக்கும் குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும். இவற்றையெல்லாம் நிறைவேற்றினாலும், சதுப்புக்குள் வைத்த பெட்டி ஒவ்வொரு தேடலிலும் ஒரு தடத்தை உண்டாக்கும், தடம் வாய்க்காலாகும், வாய்க்கால் வழியே நீர் வடிந்து கரிமண் காயும். வாட்டில் எனப்படும் அந்நிய மரமான சீகை பல சதுப்புகளின் ஓரத்தில் ஏற்கெனவே காத்துக்கொண்டிருக்கிறது, காய்ந்த இடத்துக்கு அது வந்துவிடும். நீலகிரியில் தோடர்கள் தங்கள் கோயில்களுக்குக் கூரை வேயும் புல் சதுப்பில்தான் வளர்கிறது, அதற்கே இப்போது அவர்கள் வெகுதூரம் அலைய வேண்டியிருக்கிறது. கோத்தகிரிக்கு அருகேயுள்ள லாங்வுட் சோலையை 2024-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். இத்தகைய இடங்களின் மதிப்பைத் தாமதமாகவாவது உணர்ந்திருக்கிறோம் என்பதற்கு அது சான்று.

ஆனால் சதுப்பைக் காட்டும் பெட்டியை வைக்க இரண்டு நல்ல வழிகள் உண்டு. முதலாவது, 2004 முதல் இருந்துவரும் எர்த்கேச் என்னும் வகை. அதில் பெட்டியே கிடையாது. குறிப்பிட்ட இடத்துக்குப் போய், நிலவியல் தொடர்பான ஒன்றைக் கண்ணால் கண்டு, கேட்கப்பட்ட கேள்விகளுக்கு விடை அனுப்ப வேண்டும். சதுப்பைப் பார்க்கக்கூடிய, வாகனச் சாலையை ஒட்டிய ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, "மரங்கள் எந்தக் கோட்டில் நின்றுவிடுகின்றன, ஏன்? ஓடையின் நீர் தேநீர் நிறத்தில் இருப்பது எதனால்?" என்று கேட்டால், ஓர் அடிகூட உள்ளே வைக்காமல் ஒருவர் சதுப்பை அறிந்துகொள்வார். இதற்கும் அனுமதி வாங்க வேண்டும், ஆனால் கேட்பதற்கு முகம் இருக்கும்.

இரண்டாவது, பல கட்டத் தேடல். ஒவ்வொரு கட்டத்திலும் பொதுச்சாலையில் ஏற்கெனவே இருக்கும் ஒன்றை, ஒரு மைல்கல்லின் எண்ணையோ பாலத்தின் தூண்களின் எண்ணிக்கையையோ, குறித்துக்கொண்டே வரச் செய்து, கடைசிப் பெட்டியை நீங்கள் தங்கும் விடுதியின் தோட்டத்திலோ இசைவு தந்த ஒரு விவசாயியின் வேலியோரத்திலோ வையுங்கள். எவர்சில்வர் டிபன் டப்பா வேண்டாம். மூடி இறுகாது, இந்த ஊர் மூடுபனி ஒரே வாரத்தில் உள்ளே போய்விடும். ரப்பர் வளையத்தோடு நான்கு பக்கமும் பூட்டும் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்கள் இரண்டைப் போட்டு, குறிப்பேட்டைத் தனியாக ஓர் உறைக்குள் வையுங்கள். பேனா வேண்டாம், பென்சில் வையுங்கள். மிட்டாயோ, முன்பு ஊறுகாய் இருந்த ஜாடியோ வைத்தால் குரங்கும் காட்டுப்பன்றியும் தேடிவிடும், அவை பெயரெழுதிவிட்டுப் போவதில்லை. நீங்கள் மதுரைக்குத் திரும்பிவிடுவீர்கள் என்பதால், மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் பெட்டியைத் திறந்து பார்க்க இங்கேயே இருக்கும் ஒருவர் ஒப்புக்கொண்ட பிறகே அதை வையுங்கள். அப்படி யாரும் கிடைக்காவிட்டால் எர்த்கேச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கிளம்பும் வாரத்தில் இங்கே மழை பெய்திருந்தால் திட்டத்தை இரண்டு நாள் தள்ளிப்போடுங்கள். புல்வெளி நீரை விடுவதற்கு நேரம் எடுத்துக்கொள்வதால், வானம் வெளுத்த மறுநாள்தான் மாட்டுத் தடத்திலும் கணுக்கால் வரை நீர் நிற்கும்.